மூன்று புள்ளிகள்

ஒட்டுசுட்டானில் சத்தமில்லாத இடமென்றால்
சங்கக் களஞ்சியம்தான்.
நெல்மூட்டைகள் எதிரொலியைத் தின்றுவிடும்.
எட்டு மணிக்குப் பிறகு திறப்பு என்னிடம்.
மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஆள் குந்தும் அளவு குழி.
போனை உமிப்பையில் சாய்த்து
மின்விசிறியை நிறுத்திவிட்டு
வியர்த்தபடி வாசிக்கத் தொடங்குவேன்.
பல்லி சொன்னால் பந்தியை மறுபடி.
சந்தியில் பஸ் உறுமினால் மறுபடி.

வெட்டி ஒட்டுவது டிலக்சிகா.
என் மூச்சுகளை எறியாமல்
ஒரே கோப்பில் சேர்த்துவைத்திருக்கிறாள்.
"அக்கா, இது உங்கட ரெண்டு வருஷ மூச்சு"
என்று போட்டுக் காட்டினாள் ஒருநாள்.
கன தூரம் ஓடிவந்த யாரோ
கதவடியில் நிற்பதுபோல் இருந்தது.
நிறுத்து என்றேன்.

இம்முறைக் கதையில் ஒருத்தி
தேத்தண்ணி கொண்டுவருகிறாள்.
வந்தவன் கேட்கிறான், தம்பி எங்கே என்று.
"தம்பி" என்கிறாள் அவள்.
பிறகு மூன்று புள்ளிகள்.
அடுத்த பந்தியில் தேத்தண்ணி ஆறிக்கிடக்கிறது.

கமாவுக்கு அரை மூச்சு,
முற்றுப்புள்ளிக்கு ஒன்று.
இதற்கு?
இருமிப் பார்த்தேன். நாடகமாய்ப் போனது.
மனசுக்குள் மூன்று எண்ணினேன்,
கணக்கு டீச்சர் மாதிரி இருந்தது.
கடைசியில் ஒன்றும் செய்யாமல் இருந்தேன்,
ஒரு கோப்பை ஆறும்வரை இல்லாவிட்டாலும்
ஆவி அடங்கும்வரையாவது.

பதினொரு செக்கன்.
"போன் செத்துப்போச்செண்டு நினைப்பினம்" என்றாள் டிலக்சிகா.
கிடக்கட்டும், வெட்டாதே என்றேன்.

கதை போனது.
சூரிச்சில் கோப்பை கழுவுகிற ஒருவர்
இதயம் ஒன்று அனுப்பினார்.
"ழ நல்லாயிருக்கு" என்றார் இன்னொருவர்.
மூன்றாம் நாள்
கருவேலன்கண்டலில் இருந்து ஒரு குரல்:

"அக்கா, நான் தர்மகுலன்.
வயல் காவலுக்குக் கொட்டிலில படுக்கிறனான்.
முந்தநாள் ஆனைவெடி முடிஞ்சுபோச்சு.
ஆள் சத்தம் கேட்கட்டுமெண்டு
உங்கட கதையைப் பெரிய ஸ்பீக்கரில போட்டுவிட்டன்.
ஆனை வந்தது அக்கா.
வேலியடியில நிண்டது.
நீங்கள் வாசிக்க வாசிக்க
காதை ஆட்டிக்கொண்டு நிண்டது.
பிறகு நீங்கள் பேசாமல் விட்டிட்டியள்.
அது உள்ளுக்கு வந்திட்டுது.
அரை ஏக்கர் போச்சு.
கோவமில்லை.
ஆனா அந்த இடத்தில
ஏதாவது ஒண்டு சொல்லியிருக்கலாம்."

நாலு தரம் கேட்டேன்.
பின்னால் தவளைகள்,
கதிரில் காற்று,
யாரும் வெட்டாத அவனுடைய மூச்சு.

என்ன சொல்லலாம்?
"தம்பி" என்றதற்குப் பிறகு
"வருவான்" என்றால் அது பொய்.
"இல்லை" என்று சொல்ல
எழுதியவருக்கே மனம் வரவில்லை,
நான் யார்?

அன்றிரவு களஞ்சியத்தில்
அவன் ஒருவனுக்காக அந்தக் கதையை மறுபடி வாசித்தேன்.
புள்ளிகள் வந்ததும் தலையை நிமிர்த்தி
எதிரே மூட்டைகளில் குத்தியிருந்த துண்டுகளை வாசித்தேன்,
அதே குரலில், இறக்காமல்:
கதிரேசு, ஆட்டக்காரி, அறுபத்தொரு கிலோ.
மங்களேஸ்வரி, மொட்டைக்கறுப்பன், ஐம்பத்தெட்டு.
அந்தோனிமுத்து, ஈரம் கூட, திருப்பி அனுப்பவும்.
பிறகு தேத்தண்ணி ஆறிக்கிடந்தது.

டிலக்சிகா சிரித்துச் சிரித்து
'ஆனைக் கோப்பு' என்று பெயர் வைத்தாள்.

இரண்டு இரவு கழித்து அவன்:
"வரேல்லை அக்கா.
காட்டுக்கரையில கொப்பு முறிஞ்ச சத்தம் மட்டும்.
நான்தான் முழுக்கக் கேட்டன்.
தம்பி எங்க எண்டு
கடைசிவரைக்கும் நீங்கள் சொல்லேல்லையே."

மூட்டைகளுக்கிடையில் இருந்து
பதில் சொல்ல பட்டனை அழுத்திப் பிடித்தேன்.
எத்தனை செக்கன் என்று பார்க்கவில்லை.
பல்லி சொன்னது.
மறுபடி எடுக்கவில்லை,
விரலை விட்டேன்.
அது அப்படியே போய்ச் சேர்ந்தது.